மேல்படிப்பின் அடக்க விலை
உள்ளூரா, வெளிநாடா? ஒரு வணிகக் கணக்கு



மூட்டை சுமந்து கடையை வளர்த்த நம் வீடுகளில் இன்று பி.இ. படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மகிழ்ச்சி. அடுத்து மேல்படிப்புக்கு லண்டன், ஜெர்மனி என்று பேச்சு எழுகிறது. எந்தப் படிப்பு உயர்ந்தது என்று சொல்ல நாம் கல்வியாளர்கள் அல்ல. ஆனால் கணக்குப் போட நமக்குத் தெரியும்.

குல்பர்கா துவரையை அந்த ஊர் விலையை மட்டும் கேட்டு நாம் வாங்குவதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைக்குறைவு, வட்டி எல்லாம் சேர்த்து அடக்க விலை பார்த்தே வாங்குகிறோம். படிப்புக்கும் அதுவே முறை.

பிரிட்டன் கணக்கு

ஓராண்டு எம்.எஸ்ஸி. கட்டணம் 20,000 பவுண்டு என்றும், பவுண்டு 120 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். கட்டணம் மட்டும் 24 லட்சம். விசாவுக்கு, லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதத்துக்குக் கையிருப்பு காட்ட வேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த விதி. அது 10,539 பவுண்டு, அதாவது சுமார் 12 லட்சத்து 65 ஆயிரம். மருத்துவ வரி ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. விமானச் சீட்டு தனி. ஆக 37 லட்சத்தைத் தாண்டுகிறது. இதில் 30 லட்சம் கடன் என்றால், 11 சதவீத வட்டியில் படிக்கும் ஓராண்டிலேயே 3 லட்சத்து 30 ஆயிரம் ஏறிவிடும். படித்தபின் வேலை தேடத் தங்கும் காலமும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.

ஜெர்மனி கணக்கு

அங்கு பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதித்துள்ளது. செலவுக்கென ஆண்டுக்கு 11,904 யூரோவை வங்கியில் முடக்கிவைக்க வேண்டும். மாதம் 992 யூரோவாகப் பிள்ளைக்கே திரும்பி வரும். யூரோ 100 ரூபாய் என்றாலே 12 லட்சம். ஜெர்மன் மொழி தெரியாமல் நல்ல வேலை கிடைப்பது கடினம். அந்தப் பயிற்சியையும் செலவில் எழுதுங்கள்.

உள்ளூர்க் கணக்கு

கேட் தேர்வில் தேறி ஐ.ஐ.டி. போன்ற நிறுவனத்தில் எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் அரசு உதவித்தொகை உண்டு. இரண்டு ஆண்டில் 2,97,600 ரூபாய். அங்கே நாம் கொடுக்க வேண்டும். இங்கே நமக்குக் கொடுக்கிறார்கள். இடம் கிடைப்பதுதான் கடினம்.

கண்ணில் படாத செலவுகள்

2014 நடுவில் 60 ரூபாய் அளவில் இருந்த டாலர், 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை இன்றைய விலையில் எழுதுவது தவறு.

சொந்தப் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் வங்கி டி.சி.எஸ். பிடிக்கும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை நம் முதல் முடங்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் இந்தப் பிடித்தம் இல்லை.

ஆலோசனை மையத்தார் பலர் இலவசம் என்பார்கள். அவர்களுக்குக் கல்லூரி தரகு கொடுக்கிறது. விற்பவரிடம் தரகு வாங்குபவர் யாருக்காகப் பேசுவார் என்பது மண்டிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எதை அடகு வைக்கிறோம்?

பெரிய கடனுக்கு வங்கி சொத்து கேட்கும். நம்மில் பலருக்கு இருப்பது ஒரு கடைக்கட்டடம். அது ஒரு பிள்ளையின் சொத்து மட்டுமல்ல. மற்றப் பிள்ளைகளின் பங்கும், கடையில் வேலை செய்வோரின் சோறும் அதில் இருக்கிறது. தீபாவளிக் கொள்முதலுக்கு வைத்த பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டினால், கடையில் சரக்கு குறையும். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். போனவரைத் திருப்பிக் கொண்டுவரும் செலவை எந்த வங்கியும் கணக்கில் எழுதாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். முதல் பட்டம் இங்கேயே முடியட்டும். மேல்படிப்புக்கு அனுப்பினால், பிள்ளைக்கு அங்கே வேலை கிடைக்காமல் இங்கே வாங்கும் சம்பளத்திலும் கடன் அடையுமா என்று பாருங்கள். அடையும் என்றால் மகனோ மகளோ, தைரியமாக அனுப்புங்கள். பகுதிநேர வேலை வருமானத்தை வரவில் எழுதாதீர்கள், வந்தால் லாபம்.

பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். கடன் எவ்வளவு என்று தெரிந்து போகிற பிள்ளை பொறுப்போடு படிக்கும்.