புது ஸ்பீக்கர் மாட்டியும் பேஸ் வரவில்லையே, ஏன்?

வேன் கதவில் இருந்த பழைய காகிதக் கூம்பு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, நல்ல விலை கொடுத்து வாங்கிய 6.5 அங்குல ஸ்பீக்கரை நாமே மாட்டுகிறோம். பாடகர் குரல் தெளிவாகக் கேட்கிறது. தவிலும் பேஸ் கிடாரும் மட்டும் மெலிந்துபோகின்றன. குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில் இல்லை, கதவில் இருக்கிறது.

கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் நேரெதிர் அலைகள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு, ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி வரும் சில சென்டிமீட்டர் தூரம் ஒரு பொருட்டே இல்லை. பின்பக்க அலை, ஸ்பீக்கருக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையிலுள்ள சந்து வழியே வந்து முன்பக்க அலையை அழித்துவிடுகிறது. கீச்சொலிகளின் அலைநீளம் சிறியது, அவை தப்பிவிடுகின்றன.

ஆகவே ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் வளையம் வைத்து இறுக்குங்கள். உள் தகட்டின் பெரிய ஓட்டைகளை பியூட்டைல் ஷீட்டால் மூடுங்கள். கதவின் அடியில் இருக்கும் மழைநீர்த் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது; தண்ணீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும்.

வயர் மாறினாலும் இதே கதிதான். ஒரு கதவில் மட்டும் பிளஸ், மைனஸ் இடம் மாறினால் ஒரு கூம்பு வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும். சந்தேகம் வந்தால், வயர்களைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸில் பிளஸ் பட்டால் கூம்பு வெளியே துள்ளும்.

ஓம் அளவும் முக்கியம். 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் மாட்டினால் ஸ்டீரியோ ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம் தர வேண்டியிருக்கும். சூடேறிக் கருகவும் கூடும்.