வி. எஸ். ராமச்சந்திரன்: ஆய்வுகளும் மேற்கோள் தாக்கமும்

வி. எஸ். ராமச்சந்திரன் 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிவியலாளர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில், சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2007-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் சுட்டுவது மேற்கோள் எனப்படும். அதைக் கொண்டு ஆய்வாளரை அளக்கும் எச் சுட்டெண்ணை 2005-ல் முன்வைத்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷும் இதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரே. ஒருவரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை சுட்டப்பட்டிருந்தால் அவரது சுட்டெண் 20. இவ்வாறு அமையும் மிகப்பெரிய எண்ணே கணக்கில் கொள்ளப்படும்.

ஆனால் மேற்கோள் ஏன் இடப்பட்டது என்பதை இந்த எண் சொல்லாது. ராமச்சந்திரனின் இரு ஆய்வுகள் இதை விளக்கும்.

கை துண்டிக்கப்பட்டவர்கள் பலர் இல்லாத கையில் வலியை உணர்கின்றனர். இருக்கும் கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, இழந்த கை அசைவதாக மூளையை நம்பவைக்கும் முறையை 1996-ல் அவர் விரிவாக வெளியிட்டார். கால் இழந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் செய்யப்பட்டு 2007-ல் வெளியான ஆய்வில் இம்முறை வலியைக் குறைத்தது.

2005-ல் அவரது குழு, பிறர் செயலைக் காணும்போதும் இயங்கும் கண்ணாடி நியூரான்களின் குறைபாட்டை ஆட்டிசத்துடன் இணைத்தது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் முரண்பட்டன. கருதுகோள் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

சோதித்து ஏற்றவர் இட்ட மேற்கோளும் மறுத்தவர் இட்ட மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றே. ஒரு கட்டுரை எவ்வளவு பேசப்பட்டது என்பதை எண் காட்டும். அது சரியா என்பதை மறுசோதனையே காட்டும்.