பிள்ளைகள் எழுதிய வசனம்

கல்கத்தாவில் குடியிருந்துகொண்டு நாடகத்தைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் நம் சங்கத்துப் பிள்ளைகள் பன்னிருவர் கோடை விடுமுறையில் தாமே ஆக்கிய நாடகத்தைப் பற்றி எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

விழா என்றால் நம் பெரியவர்களுக்குக் கட்டபொம்மன்தான். மீசையும் வாளும் சங்கத்துப் பெட்டியில் நாப்தலின் உருண்டைகளுடன் எப்பொழுதும் ஆயத்தமாக உள்ளன. பெரியவர் எழுதியதைச் சிறுவர் ஒப்பிப்பதே நமக்குப் பழகிய வழக்கம். சங்கரதாஸ் சுவாமிகளின் மதுரைப் பால சபையில் 1918-இல் டி. கே. சண்முகம் சேர்ந்தபொழுது அவருக்கு வயது ஆறு. அவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். அத்தகைய பாய்ஸ் கம்பெனிகளே நம் மேடைக்கும் திரைக்கும் நடிகர்களை வளர்த்துத் தந்தன. எனினும் அப்பையன்கள் பேசியது அவர்களுடைய சொல் அன்று.

நம் பிள்ளைகள் வேறு வழி சென்றமைக்கு இந்நகரமே காரணம். பாதல் சர்க்கார் (1925–2011) மேடையையும் திரையையும் துறந்து, கர்ஸன் பூங்காவில் மக்களிடையே நாடகமாடியவர். பின்னர் 1985-இல் சஞ்சய் கங்குலி தொடங்கிய ‘ஜன சம்ஸ்கிருதி’ குழு, தெற்கு 24 பர்கனா கிராமத்து உழைப்பாளிகளையே நடிகராக்கியது. வரதட்சிணை, இளவயது மணம் என்று தாம் படும் பாட்டையே அவர்கள் நாடகமாக்குகின்றனர். முடிவு மட்டும் சொல்வதில்லை. முதன்முறை ஆடுகையில் துன்புற்றவர் தோற்றுப்போவார். மறுமுறை ஆடுகையில், பார்ப்பவர் எவரும் ‘நிறுத்து’ என்று எழுந்து வந்து, அவருக்குப் பதிலாக நின்று வேறு வழி முயலலாம். நம் கூத்தின் கட்டியங்காரனைப் போல் ஒருவர் இடையில் நின்று கேள்வி கேட்பார். பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் வகுத்த முறை இது.

இதைக் கண்டு வந்த கல்லூரி மாணவி ஒருத்தி நம் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, ‘அநீதி என்று நீங்கள் அறிந்தது எது?’ என்று கேட்டாள். 1955-இல் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் பேருந்து இருக்கைக்காக எழுந்த போராட்டம், தீண்டாமையை ஒழித்த நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தேநீர்க்கடை இரட்டைக் குவளை எல்லாம் வரிசையாக வந்தன. அப்பொழுது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, “எங்கள் வீட்டிலும் தனி டம்ளர் உண்டு” என்றாள். அவள் என் மகள்.

விடியற்காலையில் கானிங், லட்சுமிகாந்தபுரம் லோக்கல் வண்டிகளில் நெருக்குண்டு வந்து, தாகுரியாவிலும் பாலிகஞ்சிலும் இறங்கும் பெண்களை நேயர்கள் அறிவர். நம் லேக் மார்க்கெட் வட்டாரத்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர் அவர்களே. ரெயில்வே குமாஸ்தாவாகிய நான் அவ்வண்டிகளை நாள்தோறும் பார்க்கிறேன். என் வீட்டுச் சன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும் நெளிந்த டம்ளர் மட்டும் இத்தனை ஆண்டுகளாக என் கண்ணில் படவில்லை.

உண்மையை மறைப்பானேன்? முதலில் எனக்குச் சினமே வந்தது. “வீட்டுக்குப் பதில் மதுரைப் பக்கத்துத் தேநீர்க்கடை என்று மாற்றிவிடேன், அம்மா” என்றேன்.

“கடையில் நான் பார்க்கவில்லையே, அப்பா!” என்றாள்.

நாடகம் சங்கக் கூடத்தில், சமுக்காளத்தின் மேல் நடந்தது. இரண்டாம் முறை ஆடும்பொழுது ‘யார் வருகிறீர்கள்?’ என்று மாணவி கேட்க, ஒருவரும் அசையவில்லை. மின்விசிறி ஓசை மட்டும் கேட்டது. பின்பு எழுபது வயது மாமி ஒருவர் மெல்ல எழுந்து, வேலைக்காரப் பெண்ணாக நின்று, அந்த டம்ளரை எடுத்து மற்றவற்றின் நடுவே வைத்தார். எஜமானியாக நடித்த சிறுமி தயங்காமல், “அது உன்னுடையது, அங்கே வைக்காதே” என்றாள். மாமிக்கு விடை எழவில்லை. “இந்த வாக்கியத்தை நானே சொல்லியிருக்கிறேன்” என்று முணுமுணுத்துக்கொண்டு அமர்ந்தார்.

மறுநாள் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து, வேலை செய்யும் மாசியிடமே வங்காளியில் கதையைச் சொன்னார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “டம்ளர் கிடக்கட்டும். மாதம் நாலு நாள் சம்பளத்தோடு லீவு வாங்கித் தருவீர்களா? காய்ச்சலில் படுத்தால் கூலியைப் பிடிக்கிறார்களே, அதை ஆடிக்காட்டுங்கள்” என்றார். வீட்டு வேலை செய்வோரின் சங்கமான ‘கிருஹ பரிசாரிகா சமிதி’ 2018-இல் இம்மாநிலத்தில் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றதையும் அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். சென்ற தையில் அவருக்கு மூன்று நாள் கூலியைப் பிடித்தது யாரென்று பிள்ளைகள் கேட்டனர். மாசி பேசாமல் பாத்திரத்தைத் தேய்த்தார். நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

பிள்ளைகள் மூன்றாம் காட்சியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கின்றனர். என் மகள் நேற்று என்னிடம் வந்து, பழைய காலண்டர் ஒன்றும் சிவப்புப் பென்சிலும் கேட்டு வாங்கிச் சென்றாள்.