பழைய மடிக்கணினிக்கு என்ன விலை கொடுக்கலாம்?



பிள்ளைக்கு ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் வருகிறது. "அப்பா, ஒரு மடிக்கணினி வேண்டும்" என்கிறது பிள்ளை. புதியது வாங்கக் கையில் பணம் போதாது. பட்டணத்தில் பழையது மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். மலிவு என்றாலும் அதுவும் சிறிய தொகையன்று. 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்திலும் 1,000 வெள்ளி என்பது பாதிக்கு மேல். ஆகவே, கேட்கிற விலை நியாயந்தானா என்று அறிந்துகொள்வது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

எங்கள் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு கடையில் 700 வெள்ளிக்குப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். பார்க்கப் பளபளவென்று இருந்தது. "புதிதில் இது 4,000 வெள்ளி" என்றார் கடைக்காரர். அந்த 4,000 எங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. 3,300 வெள்ளி மிச்சம் என்று மகிழ்ந்து வீடு திரும்பினோம். மூன்றாவது வாரம் மின்கலம் அரை மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. மாற்ற 150 வெள்ளி ஆயிற்று. பிறகு உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாயிற்று. அதற்கும் 150 வெள்ளி. ஆக, 1,000 வெள்ளி செலவழித்து, 20 மாதமே அதைப் பயன்படுத்தினோம். மாதத்துக்கு 50 வெள்ளி! அடுத்த வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து 1,080 வெள்ளிக்கு வாங்கியது 36 மாதம் உழைத்தது. அவருக்கு மாதத்துக்கு 30 வெள்ளிதான். விலை கூடக் கொடுத்தவர் அவர், நட்டப்பட்டவர்கள் நாங்கள்.

நாம் எங்கே தவறினோம்? பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரம் எவ்வளவு உயரம், நட்டபோது என்ன செலவு என்றா பார்ப்போம்? இன்னும் வெட்டுவதற்குப் பட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதானே பார்ப்போம்! பழைய மடிக்கணினியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அன்று அது என்ன விலைக்கு விற்றது என்பது நமக்கு வேண்டாத கதை. இனி எத்தனை காலம் உழைக்கும் என்பதே கேள்வி.

முதலாவதாக, அதன் வயதைப் பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் 'ஐ5' என்று ஒட்டியிருக்கும். 'ஐ5' என்றாலே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணே வயதைச் சொல்லும். 6200 என்றிருந்தால் ஆறாம் தலைமுறை. 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. 10210 என்று ஐந்து இலக்கம் இருந்தால் பத்தாம் தலைமுறை.

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை முக்கியம்? மடிக்கணினியை இயக்கும் விண்டோஸ் 10 மென்பொருளுக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, இண்டெல் சில்லு உள்ளவற்றில், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கப்படுகிறது. அதற்கு முந்தியவற்றிலும் சிலர் எப்படியோ ஏற்றி விற்கிறார்கள். திரையில் விண்டோஸ் 11 தெரிகிறது என்பதற்காக நாம் ஏமாறக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும். எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்டதை வாங்கவே கூடாது என்பதன்று. தெரிந்தவர் ஒருவர் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தால் கட்டுரை எழுதவும் பாடம் பார்க்கவும் உதவும். ஆனால், விலை அதற்கேற்ப மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, உள்ளே இருப்பவற்றைக் கேட்க வேண்டும். நினைவகம் 8 ஜிபி இருந்தால் மாணவருக்குப் போதும். 4 ஜிபி என்றால் நாளடைவில் திணறும். சில வகைகளில் நினைவகத்தைப் பின்னர் கூட்டவே முடியாது. அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பாடங்களைச் சேமித்து வைக்கும் பகுதி, சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இல்லாமல் எஸ்எஸ்டி ஆக இருப்பது நலம். அது வேகமானது, அசைவையும் தாங்கும்.

மூன்றாவது, மின்கலம். புதிதாக இருந்தபோது அது எவ்வளவு மின்சாரம் கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்னும் இரண்டு எண்களையும் விண்டோஸே அறிக்கையாகக் காட்டும். கடைக்காரரிடம் அந்த அறிக்கையைத் திறந்து காட்டச் சொல்லலாம். 50,000 இருந்த இடத்தில் 40,000 இருந்தால் நூற்றுக்கு 80 பங்கு, நல்ல நிலைதான். பாதிக்கும் கீழே போயிருந்தால், புதிய மின்கலத்தின் விலையைக் கழித்துத்தான் நாம் பேச வேண்டும்.

பிறகு, கைக்குத் தெரியும் சோதனைகள். ஒவ்வோர் எழுத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். திரையை மெல்லத் திறந்து மூடிக் கீல் ஆடுகிறதா என்று கவனிக்க வேண்டும். கேமரா, ஒலி, வைஃபை மூன்றும் வேலை செய்ய வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறுகிறதா என்று பார்ப்பதும் அவசியம். அவ்வளவு நேரம் பொறுக்காத கடைக்காரரிடம் நாம் வாங்க வேண்டிய கட்டாயமில்லை.

இனி விலைக் கணக்கு. இணையத்தில் காணும் விலைகள் கேட்கிற விலைகளே. விற்ற விலைகள் அல்ல. மூன்று கடைகளிலாவது அதே எண்ணுள்ள பொருளுக்கு விசாரிக்க வேண்டும். இதே வேலையைச் செய்யும் புதிய மடிக்கணினி இன்று என்ன விலை என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கிற விலையோடு பழுது பார்க்கும் செலவைக் கூட்டி, உழைக்கும் மாதங்களால் வகுத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். மாதக் கணக்கில் புதியதற்கும் பழையதற்கும் வேறுபாடு சொற்பமே என்றால், சற்றுப் பொறுத்துப் புதியதே வாங்கலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல் கேட்கும் கணினியை, விலை எவ்வளவு குறைவானாலும் தொடக் கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குவது நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவின்படி குற்றமாகும். எப்போதும் ரசீது கேட்டு வாங்க வேண்டும். பொருளின் எண், விலை, உத்தரவாத நாட்கள் மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வணிகர் ஏமாற்றிவிட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில், வழக்கறிஞர் இல்லாமலே நாம் முறையிடலாம். தெருவில் தனியாள் ஒருவரிடம் வாங்கியதற்கு அந்த வழி கிடையாது. அதற்காகவே கடையில் பத்து, இருபது வெள்ளி கூடக் கொடுத்தாலும் தகும்.

நேயர்களே, பிள்ளையையும் கூடவே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். எண்களை அது படிக்கட்டும். கணக்கை நாம் போடுவோம். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்துக்கு எத்தனை மாதம் உழைப்புக் கிடைக்கும் என்று கேட்க நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.