வாசனை சொல்லும் வம்சாவளி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எல்லோருடைய கண்ணும் அருவியின் மேல்தான். செண்பகாதேவிக்குப் போகும் வழியில் காலடியில் மக்கிக் கிடக்கும் சருகை யார் பார்க்கிறார்கள்?

ஈரச் சருகு சிற்றுண்ணிகளின் வீடு. எட்டுக் கால், கெட்டியான ஓடு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உடல். சருகைத் தின்று மண்ணாக்குவதே இவற்றின் தொழில். ஆபத்து வந்தால் உடலின் இரு பக்கத்திலும் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து ஒரு திரவத்தைக் கசியவிடும். சில இனங்களின் திரவத்தில் இருப்பது சிட்ரால். எலுமிச்சைப் புல் தைலத்துக்கு மணம் தருவதும் அதுவே!

அருகிலுள்ள தென்காசியிலோ வேறெந்த ஊரிலோ, ஈரம் பட்டு நாட்பட்ட மாவிலும் ஒருவகைச் சிற்றுண்ணி தோன்றுவதுண்டு. வெளுத்த, மெல்லிய உடல், ஓடு கிடையாது. இதைத் தனிக் குலமென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் உடலமைப்பை ஆராய்ந்த சிலருக்கு, இது சருகு உண்ணியின் வழித்தோன்றலோ என்ற ஐயம் எழுந்தது.

2001-ல் ஜப்பானிய விஞ்ஞானி சகாட்டாவும் அமெரிக்க விஞ்ஞானி நார்ட்டனும் இரு சாராரின் சுரப்புகளையும் ஒப்பிட்டார்கள். அதே சுரப்பி; சிட்ரால் உள்ளிட்ட அதே இரசாயனங்கள்! ஐயத்துக்கு வாசனையே சாட்சி சொல்லிற்று. பின்வந்த மரபணு ஆராய்ச்சிகளில் சில மறுத்தன, சில ஆதரித்தன.

இதனால் நமக்கென்ன? சிரங்கு உண்டாக்கும் உண்ணியும், ஆஸ்துமாக்காரரை வாட்டும் வீட்டுத் தூசி உண்ணியும் மாவு உண்ணியின் பங்காளிகளே. அந்த வாசனைச் சாட்சி மெய்யானால், நம்மை வாட்டும் இக்கூட்டத்தின் மூதாதையர், காட்டு மண்ணை வளமாக்கும் சாதுக்களின் இனத்தவரே!