இருவர் கூடினால் போதும்

திருகோணமலைத் துறைமுகத்தில் கரையிறங்கும் மாலுமிக்கும், அக்கரையில் வலையிழுக்கும் மீனவருக்கும் மது விளைக்கும் கேடு ஒன்றே. அதினின்று மீள்வோர் ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் உலகளாவிய தோழமை ஒன்றுண்டு. ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்பது அதன் பெயர்.

1935ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் வந்து தோல்வியுற்ற பில் வில்சன், மீண்டும் குடிக்கத் தவித்தார். எனினும் மதுவை நாடாது, தம்மைப்போல் துன்புறும் ஒருவரைத் தேடி, மருத்துவர் பாப் ஸ்மித்தைக் கண்டார். பிறர்க்குத் துணைநிற்பதே தமக்கும் காப்பு என்பதை இருவரும் உணர்ந்தனர்.

அவ்வுணர்வே இத்தோழமையின் உயிர். இதிற் சேரச் சந்தா இல்லை. குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி. வெளியார் பொருளை ஏற்பதில்லை. உறுப்பினர் மனமுவந்து இடும் காசே செலவுக்கு ஆதாரம். பொறுப்புகள் முறைவைத்து மாறும்; ஆள்வோர் எவருமிலர். பெயர் மறைவதால் புகழாசைக்கும் இடமில்லை. இந்நெறிகளை 1950இல் கிளீவ்லாந்து மாநாடு ஏற்றது.

கப்பல் புறப்பட்டால் கடலோடியின் தோழமை அறுந்துவிடுமோ? இல்லை, கூட்டத்துக்கு வர இயலாத கடலோடிகள் கடிதவழி உறவு பேணினர். துறைமுக ஊருக்கு இது நல்ல பாடம். மண்டபமும் நன்கொடையும் வேண்டா. உண்மை பேசும் இருவரும், மூன்றாமவர்க்குத் திறந்த கதவும் போதும்.