இடிபாடும் கட்டடமும்: கனியக் கழிவின் மீள்பயன்பாடு பற்றிச் சில குறிப்புகள்

கழிவு என்றதும் நமது மனக்கண்ணில் முதலில் தோன்றுவது சமையலறைக் குப்பையும் பொலித்தீனுமே. ஆயின் எடையளவில் நோக்கின், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உண்டாகும் கழிவு முழுவதிலும் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டது கட்டுமானத்தாலும் இடிப்பினாலும் விளைவதாகும். கொங்கிறீற்று, செங்கல், ஓடு, கல், சாந்து, மண் ஆகியவற்றையே கனியக் கழிவு என்னும் தொடரால் நாம் இங்கு குறிக்கின்றோம். இவை அழுகுவதில்லை, எரிவதில்லை, நாற்றம் வீசுவதுமில்லை. அதனாலேயே எவர் கவனத்தையும் ஈர்க்காது தாழ்நிலங்களிலும் வாய்க்கால்களிலும் வீதியோரங்களிலும் சென்று குவிகின்றன.

இக்கழிவை மீண்டும் கட்டுமானத்துக்கே திருப்புதல் இன்று சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயரால் பேசப்படுகின்றது. பெயர் புதிது, செயல் பழையது. சுண்ணாம்புச் சாந்தினால் கட்டப்பட்ட சுவரை இடித்தால், சாந்து மென்மையானதாகையால் கல்லும் செங்கல்லும் முழுமையாகக் கழன்று வரும். அவற்றைத் தட்டித் துப்புரவாக்கி மறுசுவர் எழுப்பலாம். சீமெந்துச் சாந்தோ பெரும்பாலும் செங்கல்லினும் வலியது. இடிக்கும்போது சாந்து விடுவதில்லை, கல்தான் உடைகின்றது. கட்டுமானம் உறுதி பெறப் பெற அதன் மீள்பயன்பாடு அரிதாயிற்று என்பது சற்று வேடிக்கையான வரலாறே. (மீள்பயன்பாடு எக்காலத்தும் நற்செயலாகவே இருந்தது என்று கொள்ளவும் இயலாது. 1621இல் போர்த்துக்கேயர் இடித்த நல்லூர்க் கோயிலின் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குச் சென்றன என்பதை நாமறிவோம்.)

கனியக் கழிவு பேரளவிற் கையாளப்பட்ட முதற் சந்தர்ப்பம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஜெர்மனியாகும். அந்நாட்டு நகரங்களிற் குவிந்துகிடந்த இடிபாடு 40 கோடி கனமீற்றருக்குக் குறையாதது என மதிப்பிடப்பட்டது. பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிச் செங்கற்களைத் துப்புரவாக்கிய காட்சி பலரும் அறிந்ததே. பலரும் அறியாதது அதன் தொழில்நுட்பப் பக்கம். உடைந்த செங்கல்லை இயந்திரத்தில் நொறுக்கிச் சல்லியாக்கிக் கொங்கிறீற்று வார்த்தனர். அதற்கெனத் தனியொரு தேசிய நியமமும் 1951இல் வகுக்கப்பட்டது. 1955 முடிவடைவதற்குள் ஏறத்தாழ 1,75,000 வீடுகள் இவ்வாறு எழுந்தன. இடிபாடு தீர்ந்ததும் இத்தொழிலும் ஓய்ந்தது. இயற்கைக் கல் மலிவாகக் கிடைத்தமையே காரணம். இல்லாமை கற்பித்த பாடத்தை மலிவு மறக்கச் செய்துவிட்டது.

நமது நாட்டில் இப்பிரச்சினை எங்கு மிகக் கூர்மையாக எழுகின்றது என்று வினவின், யாழ்ப்பாணக் குடாநாட்டையே சுட்டவேண்டும். இங்கு மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்லத்தக்கது வேறில்லை. ஆகவே ஆற்று மணல் இல்லை. வன்பாறையும் இல்லை, கருங்கற் சல்லி வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்தே வரவேண்டும். உள்ளவை இரண்டு: கீழே மயோசீன் காலச் சுண்ணக்கல், வடமராட்சி கிழக்கில் மணற்காடு, அம்பன், நாகர்கோவில் ஆகிய இடங்களின் மணற்குன்றுகள். இவ்விரண்டும் வெறும் கட்டடப் பொருள்களல்ல. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. இதுவே குடாநாட்டுக் கிணறுகளின் நீர். பௌதிக விதிப்படி, கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதன் மறுதலை கவனிக்கத்தக்கது: மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர்நீர் 40 அடி மேலெழும். எனவே சுண்ணக்கல்லை அகழ்வோர் கல்லை மட்டும் எடுக்கவில்லை, நீர் குடியிருக்கும் வீட்டையே பிரித்தெடுக்கின்றனர். அகழ்குழியில் நீர் வெளிப்பட்டு ஆவியாகின்றது. மாசு வடிக்கப்படாமலே நிலத்தடியை அடைகின்றது. மணற்குன்றுகளும் மழைநீரைத் தேக்குவன, கடலலைக்கு அரணாவன.

1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இச்சுண்ணக்கல்லையும் முருங்கன் களிமண்ணையும் கொண்டே இயங்கியது. 1990இல் போரினால் அது நின்றது. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேறினர். 2009இன் பின் கட்டங்கட்டமாக மீண்டவர்களிற் பலர் கண்டவை கூரையும் நிலைகதவும் இழந்த சுவர்கள், அல்லது அத்திவாரம் மட்டுமே. 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளுக்கான இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ், புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டு, வீட்டுக்காரரே கட்டுவிக்கும் முறை பின்பற்றப்பட்டது. இங்குதான் ஒரு முரண்பாடு வெளிப்படுகின்றது. ஒரே வளவில் ஒருபுறம் பழைய வீட்டின் இடிபாடு. மறுபுறம் தொலைவிலிருந்து வந்திறங்கிய மணலும் சல்லியும். இடிபாடு பள்ளம் நிரப்பவும் ஒழுங்கைக்குப் போடவும் போயிற்று.

அவ்விடிபாட்டைச் சல்லியாகப் பயன்படுத்தியிருக்க முடியுமா? முடியும், ஆனால் நிபந்தனைகளுடன். ஒரு கனமீற்றர் கொங்கிறீற்று ஏறத்தாழ 2.4 தொன் நிறையுடையது. அதிற் சீமெந்து 300 கிலோகிராம் அளவினதே. எஞ்சியதிற் பெரும்பகுதி சல்லியும் மணலும். பழைய கொங்கிறீற்றை நொறுக்கி, காந்தத்தால் இரும்புக் கம்பியை நீக்கி, அரித்துத் தரம்பிரித்தாற் சல்லி கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு கல்லிலும் பழைய சாந்து ஒட்டியிருக்கும். அச்சாந்து நுண்துளைகள் நிறைந்தது. கருங்கல் தன் நிறையில் ஒரு வீதமளவு நீரை உறிஞ்ச, மீள்சல்லி 3 முதல் 10 வீதம்வரை உறிஞ்சும். இதனையறியாத மேசன் வழமைபோல நீர் சேர்ப்பாராயின், கலவை கைக்குள்ளேயே இறுகும். இறுகுகின்றதே என்று மேலும் நீர் விட்டால் வலிமை குன்றும். சல்லியை முன்கூட்டியே நனைத்து வைப்பதே பரிகாரம். சாதாரணக் கொங்கிறீற்றில் 30 வீதம்வரை பருஞ்சல்லிக்குப் பதிலாக இதனை இடுவதால் வலிமையிற் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படுவதில்லை என்பது பல நாடுகளின் ஆய்வுகள் கண்ட முடிவு. நொறுக்கும்போது விழும் நுண்துகளே தொல்லை தருவது. அதிற் பழைய சாந்து மிகுதியாகையால் தாங்குகட்டமைப்புக்கு அது தவிர்க்கப்படுகின்றது.

கலப்படமும் கவனத்துக்குரியது. ஜிப்சப் பலகையின் துண்டுகள் கலந்தால், சல்பேற்று சீமெந்துடன் தாக்கமுற்று வீங்கிக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும். 2004 ஆழிப்பேரலையில் நனைந்த இடிபாட்டில் உள்ளது வேறொரு நஞ்சு: கடலுப்பின் குளோரைட்டு இரும்புக் கம்பியை அரிக்கும். அவ்வாறான சல்லியைக் கழுவாது கம்பியிட்ட கொங்கிறீற்றில் இடலாகாது. கம்பியில்லாத நிலத்தளத்துக்கும் சீமெந்துக் கல்லுக்கும் அது தடையன்று. கூரைத் தகட்டின் அஸ்பெஸ்ரோஸ் துண்டுகள் நொறுக்கும் இயந்திரத்துட் சென்றால், அதன் இழைகள் அங்கு வேலை செய்வோரின் நுரையீரலைச் சேரும். போர் நடந்த மண்ணில் வெடிக்காத குண்டு பற்றிய அச்சமும் உண்டு. ஆகவே தரம்பிரித்தல் இடித்த பின்னரன்றி, இடிக்கும்போதே தொடங்கவேண்டும்: முதலிற் கூரை, பின்பு மரமும் உலோகமும், இறுதியிற் சுவர். இதற்கு இயந்திரத்தினும் மனித உழைப்பே மிகுதியாகத் தேவை. வேலையில்லாதோர் நிறைந்த நாட்டில் இது ஒரு குறையென்று நமக்குத் தோன்றவில்லை. பாதுகாப்பற்ற கூலியுழைப்பாக அது ஆகிவிடக்கூடாது என்பதே நமது கவலை.

மீள்சல்லியின் ஆதரவாளர் சிலர் மறைத்துச் செல்லும் ஓர் உண்மையையும் இங்கு கூறவேண்டும். சல்லியை மாற்றுவதால் மலையும் மணலும் காக்கப்படுகின்றனவேயன்றி, வளிமண்டலம் பெரிதும் காக்கப்படுவதில்லை. அங்கே குற்றவாளி சீமெந்து. 100 கிலோகிராம் தூய சுண்ணக்கல்லைச் சுட்டால் 56 கிலோகிராம் சுண்ணாம்பு எஞ்ச, 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டாக வெளியேறும். இது எரிபொருளால் வருவதன்று, கல்லுக்குள்ளேயே இருந்தது. சூளையை 1450 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும் எரிபொருளின் புகை இதற்கு மேலதிகம். உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் 7 அல்லது 8 வீதம் சீமெந்தினால் விளைவது. இதனைக் குறைக்கவும் கனியக் கழிவே உதவுகின்றது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல், சீமெந்து நீருடன் சேரும்போது தோன்றும் கல்சியம் ஐதரொட்சைட்டுடன் கூடித் தானும் பிணைபொருளாகின்றது. இத்தகைய சாம்பல் கலந்த சீமெந்து இலங்கையில் விற்பனையில் உள்ளது. சுட்ட செங்கல்லின் நுண்தூளுக்கும் இவ்வியல்பு ஓரளவு உண்டு. சுண்ணாம்புடன் செங்கற்றூளைச் சேர்க்கும் வழக்கத்தை உரோமர் அறிந்திருந்தனர்; இந்தியாவிற் சுர்க்கி என்ற பெயரால் அது அண்மைக்காலம்வரை நின்றது. நிலக்கரியை என்றேனும் கைவிடுவோமாயின் சாம்பல் தீரும். இடிந்த செங்கல் தீராது.

ஐரோப்பா இத்துறையில் முன்னேறியுள்ளது எனக் கூறும் புள்ளிவிவரங்களை எச்சரிக்கையுடன் படித்தல் வேண்டும். 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த பணிப்பு, 2020க்குள் கட்டுமானக் கழிவில் 70 வீதத்தை மீட்கவேண்டுமென வகுத்தது. ஆனால் பள்ளம் நிரப்புதலும் மீட்பாகவே அதில் எண்ணப்படுகின்றது. மீட்கப்பட்டதிற் பெரும்பகுதி வீதிகளின் அடித்தளமாயிற்று. ஒரு வீட்டின் சுவர் வீதியின் கீழே சென்றால் அது மீண்டும் வீடாவதில்லை. இதனைச் சுழற்சி என்பதிலும் படியிறக்கம் என்பதே பொருந்தும். அவ்வாறு நோக்கின், ஒழுங்கைக்கு இடிபாட்டைப் போட்ட நமது மக்கள் ஐரோப்பியரிலும் பின்தங்கியவரல்லர்! மாறாக, சுவிற்சலாந்தின் சூரிச் நகரம் 2004இல் நிறைவுற்ற இம் பேர்ச் பாடசாலைக் கட்டடத்தின் தாங்குகட்டமைப்பிலேயே மீள்கொங்கிறீற்றைப் பயன்படுத்தியது. அங்கே வேறுபாட்டை உண்டாக்கியது இயந்திரமன்று. கட்டுவிப்பவர் நகரசபையாக இருந்தமையால், அதனை ஒப்பந்தத்தில் எழுதுவிக்க முடிந்தது.

நமது சூழலில் தடை எங்கே உள்ளது என்பது இதனாற் புலப்படும். மணல் மலிவானது என்று சொல்லப்படுகின்றது. அதன் விலையில் அகழ்வோரின் கூலியும் லொறியின் எரிபொருளும் இலாபமும் அடங்குகின்றன. உவராகும் கிணறு அடங்குவதில்லை. அதனை அக்கிணற்றில் நீர் அள்ளுபவள் செலுத்துகின்றாள். மீள்சல்லியின் விலையிலோ பிரித்தல், நொறுக்கல், கழுவல் அனைத்தும் வெளிப்படையாகத் தெரிகின்றன. இவ்வாறான ஒப்பீட்டில் எது வெல்லும் என்பது முன்கூட்டியே முடிவானது. அரச கட்டடங்களின் அளவைப் பட்டியல்களில் நிலத்தளம், மதில், வடிகால், சீமெந்துக் கல் ஆகியவற்றுக்கேனும் மீள்சல்லிக்கு ஒரு வரி இடம்பெறுமாயின், பிரதேச சபைக்கு ஒரு சிறு நொறுக்கியை வாங்கி வைப்பதற்கு நியாயம் பிறக்கும். கம்பியிட்ட தூணையும் வளையையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்; அவற்றுக்குப் பரிசோதனைச் சாலையும் பயிற்சி பெற்ற மேசன்மாரும் முதலில் வேண்டும்.